துன்புறும் சகோதரருக்காக ஜெபிப்பது எங்ஙனம்?

கிறிஸ்தவ சபையின் மிகப் பழைய பிரார்த்தனைகளுள் ஒன்று, விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்படுவோருக்காக ஏறெடுக்கப்படும் பிரார்த்தனையாகும். சபை தோன்றிய தலைமுறையிலேயே அது தொடங்கிவிட்டது, இன்றளவும் ஓயவில்லை. உலகெங்குமுள்ள சபைகள் பல, நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றை இதற்கெனவே ஒதுக்கி வருகின்றன. அந்நாளில் போதகர் அவ்விண்ணப்பத்தைச் சொல்ல, நாமும் தலை வணங்கி ஆமென் என்கின்றோம். ஆயினும், அவ்வேளையில் நாம் உண்மையில் வேண்டுவது யாது? யாருக்காக வேண்டுகின்றோம்? எத்தகைய மனத்தோடு வேண்டுகின்றோம்? இவ்வினாக்களுக்கு விடை கூற நம்மில் பலர் தயங்குவோம். ஆதலின் இப்பொருளைச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

இதனை ஆராய்வதற்கு நாம் வாழும் சென்னை மாநகரைவிடத் தக்க இடம் வேறில்லை. மயிலாப்பூர்க் கடற்கரையில் நிற்பார்க்குச் சாந்தோம் பேராலயத்தின் வெண்கோபுரம் வானளாவித் தோன்றும். அதன் கீழுள்ள கல்லறை, இயேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமாவின் உடல் வைக்கப்பட்ட இடம் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அடையாற்றை ஒட்டிய சின்னமலையில் அவர் ஒளிந்திருந்தார் என்றும், பரங்கிமலையின்மேல் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கையில் ஈட்டியால் குத்துண்டு கி.பி. 72-இல் உயிர் துறந்தார் என்றும் அவ்வழக்கு கூறும். இதனை வரலாற்று அறிஞர் அனைவரும் ஒருமிக்க ஏற்றனர் அல்லர். எனினும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கல்லறையைக் குறித்து எழுதியிருப்பதால், இந்நம்பிக்கை போர்ச்சுகீசியர் வருகைக்கு நெடுநாள் முற்பட்டது என்பது தெளிவு. இன்று நாம் காணும் பேராலயம் 1896-ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்யப்பெற்றது.

பரங்கிமலைக் கோயிலில் இன்னும் ஒரு சான்று உண்டு. 1547-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அங்கு அகழ்ந்தபோது, பாறையிற் செதுக்கிய சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அதனைச் சுற்றிப் பாரசீக நாட்டுப் பழைய மொழியாகிய பஹ்லவியில் எழுத்துகள் உள. அவ்வாசகத்தை அறிஞர் பலவாறு படித்துள்ளனர். எனினும், பெயர் குறிக்கப்பெற்ற ஒருவர்மீது கிறிஸ்துநாதர் இரங்கவேண்டும் என்னும் விண்ணப்பமே அது என்பது இக்காலத்தார் பலர் கருத்து. அச்சிலுவையைச் செதுக்கியவர்கள் பாரசீகத் திருச்சபையோடு உறவுடையவர்கள். அத்திருச்சபையோ, 4-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஷாபூர் என்னும் அரசன் காலத்தில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் கொடிய உபத்திரவத்தைச் சகித்தது. அத்தகைய சபையின் மக்கள் கடல் கடந்து வந்து, இவ்வூர் மன்னர் ஆட்சியில் அச்சமின்றி வாழ்ந்து, தங்கள் வேண்டுதலைக் கல்லில் பொறித்து வைத்தனர். ஆகவே நம் நகரத்துக் குன்று ஒன்றே இரண்டு செய்திகளைச் சொல்லுகின்றது: இங்கே ஒரு சாட்சி இரத்தம் சிந்தினார் என்னும் நம்பிக்கை ஒன்று, இங்கே பிற நாட்டுக் கிறிஸ்தவர்கள் அடைக்கலமும் அமைதியும் பெற்றனர் என்னும் உண்மை மற்றொன்று. உபத்திரவப்படுவோருக்காக ஜெபிக்கும் நாம் இவ்விரண்டையும் மறத்தலாகாது.

முதலாவது, உபத்திரவம் எது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். ஒருவர் தாம் கொண்ட விசுவாசத்தின் காரணமாக அடிக்கப்படுவதும், வீடிழப்பதும், சிறைப்படுவதும், கொல்லப்படுவதும், வழிபடவொட்டாது தடுக்கப்படுவதும் உபத்திரவமாம். நிலத் தகராறும், சாதிப் பூசலும், சபைத் தேர்தல் வழக்கும், நம்முடைய தவற்றால் நமக்கு நேர்ந்த தண்டனையும் உபத்திரவம் ஆகமாட்டா. நமக்கு வரும் இடையூறு அனைத்தையும் அப்பெயரால் அழைப்போமாயின், உண்மையாகவே தூக்குமரத்தின் நிழலில் இருப்பவனுடைய துயரத்தை அற்பமாக்கியவர் ஆவோம். துன்பம் வருவது தீமை செய்ததனாலா, நன்மை செய்ததனாலா என்று பகுத்தறியும்படி பேதுருவும் தம் நிருபத்தில் விசுவாசிகளுக்குப் புத்தி கூறுகின்றார்.

செய்தியின் மெய்ம்மையைத் தேர்தலும் இதனோடு சேர்ந்ததே. இக்காலத்தில் கைப்பேசி வழியே நாள்தோறும் ஜெப வேண்டுகோள்கள் வந்து குவிகின்றன. தூர தேசமொன்றில் மிஷனரிமார் பலர் நாளைக்குக் கொல்லப்படவிருக்கின்றனர் என்னும் ஒரே செய்தி, நாள் குறியாமலும் இடம் விளங்காமலும் ஆண்டுதோறும் சுற்றி வருவதைப் பலரும் கண்டிருப்பர். பொய்யான செய்தியைப் பரப்பிவிட்டு, ஜெபத்திற்காகத்தானே செய்தோம் என்று சமாதானம் கூறுதல் பொருந்தாது. மெய்யாகிய தேவனிடத்தில் மெய்யல்லாததைக் கொண்டு செல்லுதல் ஜெபம் ஆகாது. அன்றியும், அத்தகைய வதந்தி அயலார்மேல் பகையை மூட்டுமாயின், அதனால் விளையும் கேட்டுக்கு அனுப்பினவரும் உத்தரவாதியாவார்.

இனி, வேண்டத்தக்கது யாது எனக் காண்போம். அப்போஸ்தலர் நடபடிகளின் 4-ஆம் அதிகாரத்தில், பேதுருவும் யோவானும் அதிகாரிகளால் அச்சுறுத்தப்பட்டு மீண்டுவந்தபோது சபையார் கூடி ஜெபித்த வரலாறு உளது. அவர்கள் அச்சுறுத்தல் நீங்கவேண்டும் என்று கேட்கவில்லை; அச்சுறுத்தலைத் தேவன் கண்ணோக்க வேண்டும் என்றும், தாங்கள் தைரியமாய்ப் பேசத் திறன் வேண்டும் என்றுமே கேட்டனர். பவுலும் சிறையிலிருந்து எபேசியருக்கு எழுதுங்கால், தமக்கு விடுதலை வேண்டி ஜெபிக்கும்படி அவர்களைக் கேட்டிலர்; பேசவேண்டிய வண்ணம் துணிந்து பேச வாக்கு அருளப்படவேண்டும் என்பதே அவர் கேட்டது. ஆயினும் விடுதலையை வேண்டுவது குற்றமும் அன்று. ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில், யூதேயாவிலுள்ள எதிரிகளுக்குத் தாம் தப்புவிக்கப்படும்படி வேண்டிக்கொள்ளுமாறு அதே பவுல் கேட்கின்றார். விடுதலையையும் கேட்கலாம், உறுதியைக் கேட்க மறக்கலாகாது.

அதே நூலின் 12-ஆம் அதிகாரம் நம்மை மேலும் சிந்திக்கச் செய்கின்றது. ஏரோது அரசன் யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றான். பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைத்தான். சபையார் ஊக்கத்தோடு ஜெபித்தனர், பேதுரு விடுவிக்கப்பட்டார். அவர் வந்து கதவைத் தட்டியபோது, ரோதை என்னும் பெண் சொல்லியும் உள்ளிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை! பேதுருவுக்காக ஜெபித்த சபை யாக்கோபை நேசியாதிருந்ததோ? அன்று. பின்னை ஏன் ஒருவர் விடுபட்டார், மற்றவர் மாண்டார்? வேதம் அதற்கு விடை கூறிற்றில்லை. ஜெபம் விடுதலைக்கு விலையாகக் கொடுக்கும் நாணயம் அன்று என்பதை மாத்திரம் இதனால் அறிகின்றோம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 1712-ஆம் ஆண்டில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியாளராயிருந்தார். குளச்சற் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின்பு அம்மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் தெ லனோய் என்பாரின் நட்பால் கிறிஸ்து மார்க்கத்தை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். 1749-இல் சிறைப்பிடிக்கப்பட்டார். எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் வருந்தியபின், 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாற்று ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

பெருவிளை என்னும் ஊரில் அவர் வேப்பமரத்தில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த காலத்தில், சுற்றுப்புறத்து மக்கள் அவரிடம் வந்து தங்கள் துயரங்களைக் கூறித் தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டனர் என்பது வழிவழிச் செய்தி. கட்டவிழ்ந்து திரிந்தவர்கள் கட்டுண்டவரிடம் ஜெபம் நாடி வந்தனர். இதில் நமக்கு ஒரு பாடம் உளது. துன்புறுவோருக்காக ஜெபிக்கும்போது நாம் கொடுப்பவர் என்றும் அவர் வாங்குபவர் என்றும் நினைத்துவிடுகின்றோம். உண்மை அதற்கு மாறானது. சுகவாழ்வில் தளர்ந்து கிடக்கும் நம் விசுவாசத்திற்கு அவர்களுடைய ஜெபம் தேவை. ஆதலின் அவர்களை இரக்கத்திற்குரிய ஏழைகள் என்று கருதாமல், ஒரே உடலின் உறுப்புகள் என்று கருதி வேண்டுதல் வேண்டும்.

இவ்விடத்தில், கேட்பதற்குக் கசப்பான ஓர் உண்மையையும் கூறவேண்டும். கிறிஸ்தவர்கள் உபத்திரவத்தைச் சகித்தவர்கள் மாத்திரமல்லர்; உபத்திரவஞ் செய்தவர்களும் ஆவர். இதற்கும் நம் மயிலாப்பூரே சாட்சி. 1642-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து ஜார்ஜ் கோட்டையில் ஊழியஞ்செய்த எப்ரேம் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி, சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியரின் பகைக்கு ஆளானார். 1649-இல் அவர்கள் அவரைச் சாந்தோமில் பிடித்துக் கோவாவிலிருந்த சமய விசாரணை மன்றத்தின் சிறைக்கு அனுப்பினர். கிறிஸ்துவை வணங்கியவரே கிறிஸ்துவை வணங்கிய துறவியைச் சிறையிட்டனர். ஆங்கிலேயர் அவர் பொருட்டு முயன்றனர். இஸ்லாமியராகிய கோல்கொண்டா மன்னரும் அவரை விடுவிக்குமாறு சாந்தோமாரை நெருக்கினார் என்று தவர்னியே என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். பின்பு அவர் விடுதலையடைந்து சென்னைக்குத் திரும்பி நெடுங்காலம் ஊழியம் புரிந்தார். அவரைச் சிறையிட்ட கோவா மன்றமோ 1560 முதல் 1812 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இயங்கி, இந்துக்களையும் யூத வழியினரையும் புதுக் கிறிஸ்தவர்களையும் வருத்திற்று. மயிலைக் கடற்கரையில் முன்னிருந்த கபாலீச்சரம் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிவுற்றது என்றும், இன்று குளக்கரையில் விளங்கும் திருக்கோயில் அதன்பின் எழுந்தது என்றும் வரலாற்றறிஞர் பலர் கூறுவர்.

இவற்றை எடுத்துக் கூறுவது நம்மை நாமே இழித்துரைப்பதற்கன்று. துன்புறுவோருக்காக ஜெபிக்கும் வாய், தன் முன்னோர் துன்புறுத்தியதையும் அறிக்கையிட வேண்டும். இல்லையேல், அந்த ஜெபம் ஆலயத்தில் பரிசேயன் செய்த ஜெபம் போலாகிவிடும். ஆகவே உபத்திரவம் என்பது ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தார்க்கு இழைக்கும் தீமை என்று சுருக்கிச் சொல்லிவிடலாகாது. அதிகாரம் அன்பைக் கைவிடும் இடமெல்லாம் அது முளைக்கும். அதனால், மனச்சாட்சியினிமித்தம் வருந்தும் பிற சமயத்தாரையும் நம் வேண்டுதலில் நினைப்பது கடனாம்.

துன்புறுத்துவோருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்பது நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் இட்ட கட்டளை. இதுவே எல்லாவற்றிலும் அரிது. ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும்போது தம்மைக் கொல்வோர்மீது அப்பாவம் சுமத்தப்படாதிருக்க வேண்டினார். அவர்களுடைய வஸ்திரங்களைக் காத்து நின்ற சவுல் என்னும் வாலிபனே பிற்காலத்தில் பவுலானார். கிறிஸ்து பிறந்தநாளுக்கு மறுநாளாகிய டிசம்பர் 26-ஐ மேற்றிசைச் சபை ஸ்தேவானுக்குரிய நாளாக வைத்திருப்பது இதனை நாம் மறவாதிருத்தற்பொருட்டே போலும்.

நம் காலத்திலும் இக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் உளர். ஒரிஸாவில் பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்குப் பணிசெய்து வந்த ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ், தம் புதல்வர் பிலிப், தீமோத்தேயு ஆகிய இருவரோடும், 1999-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மனோகர்பூர் என்னும் சிற்றூரில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கையில் உயிரோடு கொளுத்தப்பட்டார். அவர் மனைவியார் கிளாடிஸ், கொலைஞரைத் தாம் மன்னித்ததாகக் கூறினார். உடனே நாடு திரும்பாமல், அவ்வூரிலேயே இருந்து நோயாளர் பணியைத் தொடர்ந்தார். நம் நாட்டு அரசாங்கம் 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. மன்னிப்பு என்பது நீதிமன்றத்தின் கையைப் பிடித்து நிறுத்துவதன்று. அவ்வழக்கு சட்டப்படி நடந்தது, குற்றவாளி தண்டனை பெற்றார். அவ்வம்மையார் விலக்கியது நீதியை அன்று, வெறுப்பை.

வெறுப்பை விலக்காவிடின் விளைவது யாதென்பதற்கு நம் அண்டை நாடாகிய இலங்கையைக் காண்க. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்த்தெழுந்த பண்டிகைக் காலையில், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும், சில பெரிய ஓட்டல்களும் வெடிகுண்டுகளால் தாக்குண்டன. 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பில் மடிந்தோருள் ஞாயிறு பள்ளிச் சிறுவர் பலர். அவர்கள் நம் மொழி பேசும் பிள்ளைகள். குண்டு வைத்தோர் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு சிறு தீவிரவாதக் குழுவினர். ஆனால் அடுத்த மாதமே, அக்குற்றத்தில் எவ்விதப் பங்குமில்லாத முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் பல ஊர்களில் தாக்கப்பட்டன. கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித், பழிவாங்கலாகாது என்று மக்களை மன்றாடினார். அன்று அத்தீவின் ஆலயங்களில் ஏறெடுக்கப்பட்ட ஜெபம், இறந்தவர்க்காகவும் அழுதவர்க்காகவும் மட்டும் அமைந்ததாயின் அது பாதி ஜெபமே. அஞ்சி வீட்டுக் கதவைத் தாழிட்டுக் கிடந்த அயலானுக்காகவும் வேண்டியபோதுதான் அது முழு ஜெபம் ஆயிற்று.

ஆகவே நம் ஜெபத்தைச் சோதித்துக்கொள்வதற்கு ஓர் எளிய உரைகல்லைக் கூறுவோம். நம் வகுப்பில் அருகில் அமரும் இந்து மாணவரோ, முஸ்லிம் மாணவரோ நாம் ஜெபிக்கும் அறைக்குள் எதிர்பாராது வந்து பின்வரிசையில் அமர்வாராயின், நாம் நம் சொற்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா? மாற்றவேண்டியிருக்குமாயின், நாம் துன்புறுவோருக்காக அன்று, ஒரு கூட்டத்தாருக்கு விரோதமாக ஜெபித்துக்கொண்டிருந்தோம் என்பது பெறப்படும். அவர் கேட்டு, தாமும் மனமுருகி ஆமென் சொல்லத்தக்கதாயின், அதுவே நம் ஆண்டவர் கற்பித்த வழிப்பட்ட ஜெபம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பொதுவாக எல்லாருக்காகவும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் ஜெபம் சீக்கிரம் உலர்ந்துபோம். இடத்தையும் நிகழ்ச்சியையும் நாளையும் அறிந்து வேண்டுதல் நலம். 3-ஆம் நூற்றாண்டில் தேசியு என்னும் ரோமப் பேரரசன் சபையை ஒடுக்கிய காலத்தில், கார்த்தேஜ் நகரத்துக் கண்காணியாரான சிப்பிரியான், சிறையில் மரிப்போருடைய மரண நாட்களைக் குறித்து வைக்கும்படி தம் குருமாருக்கு எழுதினார். நினைவு தவறாதிருக்கவே அவ்வேற்பாடு. பரங்கிமலைச் சிலுவையைச் செதுக்கினவரும் ஒருவருடைய பெயரைக் கல்லிலே வைத்தார். நம் மாணவர் ஜெபக்குழுவும் சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளலாம்: 2008-இல் ஒரிஸாவின் கந்தமால் மாவட்டத்தில் வீடிழந்து முகாம்களில் தங்கிய பல்லாயிரவர், 2015-இல் லிபியாக் கடற்கரையில் கொல்லப்பட்ட 21 தொழிலாளர், 2023-இல் மணிப்பூர்க் கலகத்தில் ஊர்விட்டு ஊர் ஓடிய குடும்பங்கள் என இவ்வாறு எழுதிக்கொண்டு, அவர்களுடைய பிற்கால நிலையை விசாரித்தறிந்து வேண்டலாம். மணிப்பூரில் நடந்தது இன்னும் பல காரணங்கள் பின்னிய கலகம். இரு தரப்பாரும் வருந்தினர். அதையும் மறையாது எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நிகழ்ச்சி செய்தித்தாளினின்று மறைந்தபின்னரே அதனால் வருந்தியவர்க்கு ஜெபம் மிகுதியும் தேவைப்படும். ஆயினும், பெயர் வெளிப்பட்டால் இன்னல் நேரக்கூடியவர்களுடைய பெயரைப் பொதுவிடத்தில் கூறாது உள்ளத்திலே வைத்து வேண்டுதல் விவேகமாம்.

ஜெபம் கையைக் கட்டிப்போடுவதும் அன்று. பவுல் ஜெபித்தவரே, எனினும் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டி இராயனுக்கு அபயமிடத் தயங்கினாரில்லை. நம் நாட்டு அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, மனச்சாட்சி உரிமையை எல்லா மனிதருக்கும் ஒப்ப அளித்துள்ளது. சட்டம் பயிலும் மாணவர் அதனைக் கற்று எளியவர்க்கு வழக்காட முன்வரலாம். மருத்துவம் பயில்வோர் முகாம்களுக்குச் செல்லலாம். எழுத வல்லவர் மெய்யை மெய்யாக எழுதலாம். ஒன்றும் இயலாதவர் உண்டியலில் சிறிது பொருள் இடலாம். இவை அனைத்தையும் எபிரெயருக்கு எழுதிய நிருபாசிரியர் ஒரே கருத்தில் அடக்கிவிட்டார்: கட்டுண்டோரை நினைக்கும்போது நாமும் அவர்களோடு ஒரே விலங்கில் பிணிப்புண்டது போல நினைத்தல் வேண்டும் என்பதே அது.

சென்னையில் நாம் அச்சமின்றி ஆலயம் செல்கின்றோம். சாந்தோம் மணியோசையும், கபாலீசுவரர் கோயில் மணியோசையும், அருகிலுள்ள பள்ளிவாசலின் அழைப்பொலியும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. இவ்வமைதி நம் தகுதியால் வந்ததன்று. அயலாருடைய நல்லெண்ணத்தாலும் முன்னோருடைய பொறுமையாலும் வந்தது. இதனை இழந்தோருக்காக வேண்டும்போதெல்லாம், இதனைக் காக்கும் பொறுப்பு நமக்கும் உண்டென்பதை நினைவோமாக. அவ்வாறு நினைந்து ஜெபிப்போமாயின், தூரத்தில் விலங்கு பூண்டிருக்கும் சகோதரனுக்கு ஆறுதலும், பக்கத்தில் வாழும் அயலானுக்கு அச்சமின்மையும் ஒருங்கே உண்டாகும்.